தவறைச் சொல்ல ஒரு வழி வேண்டும்: செவிலியர் தலைமையும் நோயாளியின் பாதுகாப்பும்

வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் நாம் முதலில் விசாரிப்பது டாக்டரைப் பற்றித்தான். எங்கே படித்தவர், கைராசி எப்படி, இதற்கு முன் நம் ஊரில் யாருக்கு வைத்தியம் பார்த்தார் என்று பத்துப் பேரிடம் கேட்டுவிடுகிறோம். அந்த வார்டின் ஹெட் நர்ஸ் யார், எப்படிப்பட்டவர் என்று கேட்பவர்கள் அநேகமாக யாரும் இல்லை. டாக்டரோ காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வந்து சில நிமிடங்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். மீதி நேரம் முழுவதும் நம் வாப்பாவும் உம்மாவும் செவிலியர்களின் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். டிரிப்ஸ் ஏற்றுவதும், ஊசி போடுவதும், நடுச்சாமத்தில் மூச்சு மாறுவதை முதலில் கவனிப்பதும் அவர்கள்தான்.

செவிலியர் நல்ல மனசுள்ளவராக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அது மட்டும் போதாது. நல்ல மனசுள்ளவரும் பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்த பிறகு மறப்பார். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துக் குப்பிகளில் ஒன்றை மாற்றி எடுப்பார். அப்படி ஒருவர் தவறும்போது, அந்தத் தவறு நோயாளியின் உடம்புக்குள் போவதற்கு முன் பிடிபடுமா என்பதுதான் கேள்வி. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் அந்த வார்டுக்குப் பொறுப்பான மூத்த செவிலியர். யாரை எந்தப் படுக்கைக்கு விடுவது, புதிதாக வந்த பெண்ணை நைட் டூட்டியில் தனியே விடலாமா, பெயர் ஒத்த மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. இவற்றை எல்லாம்விட முக்கியமான ஒன்றும் அவர் கையில்தான் இருக்கிறது. "சிஸ்டர், நான் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன்" என்று ஒரு பெண் வந்து நின்றால் அவரிடமிருந்து என்ன பதில் வரும்? இந்தக் கட்டுரையில் நாம் பேச வருவது அதைப் பற்றித்தான்.

விஷயம் சிறியதல்ல. சிகிச்சை பெறுகிற 10 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அந்தச் சிகிச்சையின்போதே ஏதேனும் ஒரு தீங்கு நேர்கிறது என்றும், அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக் கூடியது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17-ஐ நோயாளி பாதுகாப்பு நாளாக அது அனுசரித்து வருவதும் இதனால்தான்.

தொழுகையில் இருக்கும் ஏற்பாடு

மருத்துவமனைக்குள் போவதற்கு முன் பள்ளிவாசலுக்குள் ஒரு நிமிடம் போய் வருவோம். புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. நான்கு ரக்அத் தொழுகை ஒன்றில் நபி (ஸல்) அவர்கள் இரண்டு ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற ஜமாஅத்தில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் இருந்தார்கள். ஆனால் நபியவர்கள் மீதிருந்த மரியாதை கலந்த அச்சத்தால் இருவருமே வாய் திறக்கவில்லை. தொழுகை சுருக்கப்பட்டுவிட்டது போலும் என்று எண்ணிச் சிலர் வெளியே கிளம்பியும்விட்டார்கள். அப்போது துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, அல்லது நீங்கள் மறந்துவிட்டீர்களா என்று நேராகக் கேட்டார். இரண்டும் இல்லை என்றார்கள் நபியவர்கள். அவர் விடவில்லை. உடனே நபியவர்கள் மற்றவர்கள் பக்கம் திரும்பி, இவர் சொல்வது சரிதானா என்று விசாரித்தார்கள். ஆம் என்று பதில் வந்ததும் விடுபட்ட ரக்அத்துகளைத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வும் செய்தார்கள்.

இந்த ஹதீஸை மறதி ஸஜ்தாவின் சட்டத்துக்காக மதரஸாவில் ஓதுகிறோம், ஓதிக் கொடுக்கிறோம். ஒரு வார்டின் நிர்வாகத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது. அபூபக்ரையும் உமரையும் கோழைகள் என்று யாராலும் சொல்ல முடியுமா? அவர்களையே மரியாதை மௌனமாக்கிவிட்டது. அப்படியானால் முப்பது வருட அனுபவமுள்ள ஒரு சர்ஜன் தவறான பக்கத்தில் கத்தியை வைக்கப் போகும்போது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன செவிலியர் பேசாமல் நிற்பதில் என்ன ஆச்சரியம்? நபியவர்கள் கேட்டவரைக் கடிந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதை அப்படியே ஏற்கவும் இல்லை. இன்னொருவரிடம் சரிபார்த்தார்கள், பிறகு திருத்திக்கொண்டார்கள்.

ஜமாஅத் தொழுகையில் இது நிரந்தரச் சட்டமாகவே இருக்கிறது. இமாமுக்கு ரக்அத் தவறினால் பின்னால் நிற்கும் ஆண்கள் ஸுப்ஹானல்லாஹ் சொல்ல வேண்டும், பெண்கள் கையைத் தட்டி உணர்த்த வேண்டும். இதனால் இமாமின் மானம் போய்விட்டதாக யாரும் நினைப்பதில்லை. இமாமும் தொழுகை முடிந்ததும் திரும்பி, யார் அது சொன்னது என்று முறைப்பதில்லை. (சில ஊர்களில் முறைப்பவர்களும் உண்டு, அது வேறு கதை.) தவறைச் சுட்டிக்காட்டும் வழி தொழுகைக்குள்ளேயே அமைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனையிலும் அப்படி ஒரு வழியை அமைத்துத் தர வேண்டியவர் செவிலியர் தலைவர். அது இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

நாஷ்வில்லில் நடந்தது

2017 டிசம்பர் இறுதி. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. மூளையில் இரத்தக்கசிவுக்காகச் சேர்க்கப்பட்டு, தேறி வந்த 75 வயது மூதாட்டிக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. மூடிய இயந்திரத்துக்குள் போக அவருக்குப் பயம் என்பதால், பதற்றத்தைத் தணிக்க வெர்செட் என்ற மருந்தை டாக்டர் எழுதினார். செவிலியர் ஒருவர் மருந்து எடுக்கப் போனார்.

அங்கே மருந்துகள் கணினி பொருத்திய அலமாரியில் இருக்கும். பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினால் அறை திறக்கும். அவர் வெர்செட்டுக்கான முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். அலமாரியோ மருந்துகளை நிறுவனம் வைத்த பெயரில் காட்டவில்லை, மூலப்பெயரில் காட்டியது. வெர்செட் அதில் மிடஸோலம் என்ற பெயரில் இருந்தது. மருந்து கிடைக்காததால், அவசரத்துக்குக் கட்டுப்பாட்டை மீறித் திறக்கும் வழியைப் பயன்படுத்தினார். அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கிய வெக்குரோனியம் வந்தது. அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. செயற்கை சுவாசம் கொடுக்கும்போது மட்டுமே பயன்படுத்துவது. குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. வெர்செட் திரவமாக வரும், இதுவோ தூளாக இருந்தது. அவர் அதைக் கரைத்து ஊசியில் ஏற்றினார். ஸ்கேன் பகுதியில் மருந்தின் பட்டைக் குறியைச் சரிபார்க்கும் கருவி இல்லை. ஊசியைப் போட்டுவிட்டு அவர் அங்கிருந்து கிளம்பினார். அருகில் நின்று கண்காணிக்க யாரும் இல்லை. சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது மூதாட்டிக்கு மூச்சில்லை. மறுநாள் அவர் இறந்தார்.

தான் செய்ததை அந்தச் செவிலியர் மறைக்கவில்லை. தெரிய வந்தவுடன் டாக்டர்களிடமும் மேலதிகாரிகளிடமும் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. மரணம் இயற்கையான காரணத்தால் நேர்ந்ததாகவே முதலில் பதிவாயிற்று. மருத்துவமனை குடும்பத்தோடு தனியே உடன்பாடு செய்துகொண்டது. சட்டப்படி தெரிவிக்க வேண்டிய அரசு அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பெயர் சொல்லாத ஒருவர் தந்த தகவலின் பேரில்தான் அரசு ஆய்வாளர்கள் உள்ளே வந்தார்கள். 2019 பிப்ரவரியில் செவிலியர் மீது குற்ற வழக்கு பதிவானது. 2022 மார்ச்சில் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் உறுதியானது. மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. மருத்துவமனையைச் சேர்ந்த வேறு எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

அந்நாட்களில் கணினி மாற்றத்தால் தாமதங்கள் இருந்ததாகவும், அலமாரியை மீறித் திறப்பது அங்கே அன்றாட வழக்கமாகியிருந்ததாகவும் விசாரணையில் செவிலியர் தரப்பு சொன்னது. அவசரத்துக்கு என்று வைத்த கதவு தினமும் திறக்கப்பட்டால், அதைப் பார்த்துக்கொண்டு இருந்த பொறுப்பாளர்கள் எங்கே போனார்கள்? தீர்ப்பு வந்தபோது அமெரிக்கச் செவிலியர்கள் கொதித்தது இதற்காகத்தான். இனி யார் தவறை ஒப்புக்கொள்வார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். மருத்துவப் பணியாளர்களின் அறியாத் தவறுகளுக்குக் குற்ற வழக்குத் தொடுப்பதைத் தடுத்து கென்டக்கி மாநிலம் 2024-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது.

ஃபிக்ஹ் எப்படிப் பார்க்கிறது?

இங்கே இரண்டு பக்கமும் சாய்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. செவிலியர் பாவம், வேலைப்பளு என்று முழுதாக மன்னித்துவிடுவது ஒரு பக்கம். கொலைகாரி என்று கத்துவது மறு பக்கம். நம் மார்க்கச் சட்டம் இரண்டையும் செய்வதில்லை.

மறதியாலும் தவறுதலாலும் நேர்ந்ததற்கு இந்த உம்மத்துக்குப் பாவம் இல்லை என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. அதே சமயம், தவறுதலாக ஓர் உயிர் போனால்கூட ஈட்டுத்தொகையும் (தியத்) பரிகாரமும் (கஃப்பாரா) உண்டு என்று ஸூரா அந்நிஸாவின் 92-ஆம் வசனம் விதிக்கிறது. அதாவது பாவம் நீங்குவது வேறு, பொறுப்பு நீங்குவது வேறு. அந்த மூதாட்டியின் பிள்ளைகளிடம் போய், தெரியாமல் நடந்துவிட்டது, விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்வது இஸ்லாமிய நீதி ஆகாது.

ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவரை அமீன் என்கிறோம். வரம்பு மீறாமலும் (தஅத்தீ), கவனக்குறைவு காட்டாமலும் (தஃப்ரீத்) இருந்தவரையில், அந்தப் பொருள் கெட்டாலும் அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை. பொருளுக்குச் சொன்ன இந்த அளவுகோலைச் செவிலியரின் கையில் இருக்கும் உயிருக்கு நாம் ஓர் ஒப்பீடாக எடுத்துக்கொண்டால், நாஷ்வில் செவிலியரிடம் தஃப்ரீத் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. மூடியில் இருந்ததைப் படிக்கவில்லை. தூளைக் கரைக்கும்போது சந்தேகம் வரவில்லை. ஊசி போட்ட நோயாளியின் அருகில் நிற்கவில்லை. இதைக் களைப்பு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஃபிக்ஹில் இன்னொன்றும் இருக்கிறது. தவறுதலான மரணத்துக்குரிய தியத்தை அந்தத் தனிமனிதரின் தலையில் மட்டும் சுமத்துவதில்லை. அவருடைய ஆகிலா, அதாவது அவருக்குப் பின்னால் நிற்கும் குலம், அதைச் சேர்ந்து சுமக்கிறது. இன்றைய செவிலியருக்குப் பின்னால் நிற்கும் ஆகிலா யார்? அவருக்கு டூட்டி போட்டவரும், கண்காணிப்புக் கருவி இல்லாத இடத்துக்கு அவரை அனுப்பியவரும், அலமாரியின் கதவைத் திறந்தே விட்டவரும் அல்லவா? இதை உவமையாகத்தான் சொல்கிறோம், ஃபத்வாவாக அல்ல. ஆயினும் இந்த உவமையை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் எது குறை என்பது விளங்கும். குலம் விலகிக்கொண்டது, கை மட்டும் மாட்டிக்கொண்டது.

நல்ல மருத்துவமனைகளில் இன்று கிட்டத்தட்ட இதே பகுப்பைத்தான் கையாள்கிறார்கள். மனித இயல்பால் நேர்ந்த சறுக்கலா, பழக்கத்தால் வந்த குறுக்குவழியா, தெரிந்தே செய்த பொறுப்பின்மையா என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலாவதற்கு ஆறுதல், இரண்டாவதற்குத் திருத்தம், மூன்றாவதற்கு மட்டும் தண்டனை. எதுவானாலும் குடும்பத்துக்கு உண்மை சொல்லப்பட வேண்டும். இந்தப் பகுப்பைச் செய்ய முதலில் உட்கார வேண்டியவர் செவிலியர் கண்காணிப்பாளர். அவர் எடுத்த எடுப்பிலேயே "யார் செய்தது?" என்று கேட்டால் அடுத்த தவறு அவர் காதுக்கு வராது. "எப்படி நடந்தது?" என்று கேட்டால் வரும்.

நிறுத்தும் அதிகாரம்

செவிலியருக்குப் பேசும் உரிமையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2001-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் பிரோனோவோஸ்ட் என்ற டாக்டர் ஒரு சிறிய பட்டியல் தயாரித்தார். ஐசியுவில் பெரிய இரத்தக்குழாயில் குழாய் செருகும்போது கிருமி புகாமல் இருக்க டாக்டர்கள் செய்ய வேண்டியவை அதில் இருந்தன. கை கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், நோயாளியை முழுவதுமாகத் துணியால் மூடுதல், தாங்களும் முகக்கவசம், அங்கி, கையுறை அணிதல் என்று எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவைதான். ஒரு மாதம் கவனித்துக் குறிக்கும்படி செவிலியர்களைக் கேட்டார். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளிகளிடம் டாக்டர்கள் ஏதாவது ஒன்றை விட்டிருந்தார்கள். டாக்டர் ஒன்றைத் தவறவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இனி செவிலியருக்கு உண்டு, நிர்வாகம் அவர் பக்கம் நிற்கும் என்பது அதற்கடுத்து வந்த ஏற்பாடு.

அதே முறையை மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் கொண்டுவந்தார்கள். 2006-இல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. குழாய் வழி இரத்தத்தில் பரவும் தொற்றின் இடைநிலை அளவு, 1000 குழாய் நாட்களுக்கு 2.7 ஆக இருந்தது. மூன்று மாதத்துக்குள் அது பூஜ்யமாகி, பதினெட்டு மாதங்கள் கழித்தும் அப்படியே நின்றது. புதிய மருந்து எதுவும் இல்லை. சோப்பு, மருந்துத் துணி, ஒரு தாள், "டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சொல்லத் துணிந்த செவிலியர், அவருக்குப் பின்னால் நின்ற தலைமை. ஸுப்ஹானல்லாஹ் சொல்லும் மஃமூமின் இடம்தான் அது.

ஆள் குறைந்தால் இந்த அதிகாரமும் காகிதத்தோடு நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து லிண்டா எய்கன் என்ற செவிலியப் பேராசிரியர் 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு முறையும், நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது. தனியார் மருத்துவமனையில் ஏசி எப்படி, கேன்டீன் எப்படி என்று பார்க்கும் நாம், இரவில் இந்த வார்டில் எத்தனை பேருக்கு ஒரு சிஸ்டர் என்று கேட்பதே இல்லை.

பக்தாதும் மதீனாவும்

நாமே எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்தோம் என்று மார்தட்டுவதற்காக அல்ல, நமக்கு இது அந்நியமான சிந்தனை அல்ல என்பதற்காகச் சொல்கிறோம். ஹிஜ்ரி 319-இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் ஒருவர் இறந்தார். அப்போதைய கலீஃபா அல்முக்ததிர், தேர்வு எழுதித் தேறாத எவரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உத்தரவிட்டு, அந்தப் பொறுப்பைத் தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைத்தார். நகரில் எண்ணூற்று அறுபதுக்கும் அதிகமானோர் சோதிக்கப்பட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தவறு செய்தவரைத் தடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை, நகரம் முழுவதையும் சரிபார்த்தார்கள். மருத்துவம் அறியாமலே மருத்துவம் பார்ப்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா நூல்களில் வரும் நபிமொழி அந்த ஏற்பாட்டுக்கு மிகவும் முன்பே இருந்தது.

மதீனாவில் நபிப் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரம் இருந்தது. அஸ்லம் குலத்து ருஃபைதா (ரலி) அதில் காயமடைந்தோருக்கு வைத்தியம் பார்த்தார்கள். கவனிக்க ஆளில்லாதவர்களுக்கு அல்லாஹ்வின் கூலியை மட்டும் நாடிப் பணிவிடை செய்தவர்கள் என்று வரலாறு அவர்களைக் குறிப்பிடுகிறது. அகழ்ப் போரில் கை நரம்பில் அம்பு தைத்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக நபியவர்கள் அந்தக் கூடாரத்தில்தான் வைக்கச் சொன்னார்கள். பெண் பிள்ளையை நர்சிங் படிக்க வைப்பதா என்று இன்றும் முகம் சுளிக்கும் சில பெரியவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நம் குடும்பங்களின் பங்கு

தலைமைச் செவிலியர் எவ்வளவு நல்ல ஏற்பாடு செய்தாலும் அதைக் கெடுக்கும் ஆற்றல் நமக்கு உண்டு. உதாரணமாகப் பெயர். நம் ஊர்களில் ஒரு வார்டில் மூன்று ஃபாத்திமாவும் நான்கு முஹம்மதும் படுத்திருப்பது சாதாரணம். ஒரே பெயரை ஆதாரில் ஒரு விதமாகவும், ரேஷன் கார்டில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறோம். சேர்க்கும் இடத்தில் அவசரத்தில் வீட்டுப் பெயரைச் சொல்லிவிடுகிறோம். இதனால் இரத்தம் மாறலாம், மருந்து மாறலாம். பயிற்சி பெற்ற செவிலியர், "நீங்கள் ஃபாத்திமாதானே?" என்று கேட்க மாட்டார். மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்று தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன, வயது என்ன?" என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிடுவார். படுக்கை எண்ணை மட்டும் பார்த்து மருந்து கொடுக்கக் கூடாது என்பது வளைகுடா நாடுகளிலும் இங்கும் தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளின் விதி. பத்து முறை பெயர் கேட்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. கேட்காதவரிடம்தான் எரிச்சல் வர வேண்டும்.

மருந்து கொடுக்கும் நேரத்தில் செவிலியரை இழுத்து நிறுத்தி, "டிரிப்ஸ் எப்போது முடியும்?" என்று கேட்கிறோம். எண்ணிக்கொண்டிருப்பவர் எண்ணிக்கையை மறந்துவிடுகிறார். வெளிநாடுகளில் சில மருத்துவமனைகளில், அந்த நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிய மேலங்கியையே செவிலியர்கள் போட்டுக்கொள்கிறார்கள். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்துதான். பதினைந்து பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிப்பது சுன்னத்து அல்ல.

ஓதிய தண்ணீரும் ஜம்ஜமும் கொண்டு போகிறோம், போகட்டும். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதிப் போட்ட நோயாளிக்கு ஒரு மடக்குத் தண்ணீரும் அறுவைச் சிகிச்சையின்போது மூச்சுக்குழலில் போய்விடலாம். கருஞ்சீரக எண்ணெய், நாட்டு மருந்து, தேன் எதைக் கொடுத்தாலும் செவிலியரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். ரமளானில் சர்க்கரை நோயாளி யாரிடமும் சொல்லாமல் நோன்பு வைத்து, செவிலியர் வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. வைத்தே தீருவேன் என்பவர் அதை ஒளிக்காமலாவது இருக்கட்டும்.

தவறு நடந்துவிட்டால்? இங்கேதான் நம் சமுதாயம் மற்றவர்களைப் போலவே நடந்துகொள்கிறது. சொந்தக்காரர்கள் கூடி, வார்டில் கத்தி, கண்ணாடியை உடைத்து, கையில் கிடைத்த இளம் செவிலியரை அழ வைக்கிறோம். அந்த வார்டில் இருக்கும் மற்ற ஐந்து செவிலியரும் அன்று ஒரு பாடம் கற்கிறார்கள்: இனி எது நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்து அந்தக் கட்டிலுக்கு வரப்போவது நம் மாமியாக இருக்கலாம்.

உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று முதலில் வார்டின் இன்சார்ஜிடமும், பிறகு நர்சிங் சூப்பரிண்டென்டென்ட்டிடமும் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும். கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்சநீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. உண்மையை மறைத்தால் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஒப்புக்கொண்டு முன்னால் வந்தவரை வேட்டையாடுவதும், மறைத்தவர் வரவேற்பறையில் காபி கொடுத்து அனுப்பியதும் சமாதானமாகிவிடுவதும்தான் நம்மிடம் மாற வேண்டும்.

நம் வீட்டுப் பெண்கள் பலர் இன்று செவிலியராக இருக்கிறார்கள். சென்னையிலும் திருச்சியிலும், ஜித்தாவிலும் துபாயிலும் வேலை செய்கிறார்கள். சிலர் இன்சார்ஜ் ஆகியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து சம்பளத்தைப் பற்றியும் நைட் டூட்டியைப் பற்றியும் பேசுவார்கள். மனத்தில் கிடக்கும் ஒரு தவறைப் பற்றிப் பேசமாட்டார்கள். வெளியே சொல்லாதே, வேலை போய்விடும் என்று நாமே வாயை அடைத்துவிடுகிறோம். ஒவ்வொருவரும் பொறுப்பாளி, தம் பொறுப்பில் உள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மேடையில் கணவனுக்கும் தந்தைக்கும் சொல்லி முடித்துவிடுகிறோம். ஐசியுவில் எட்டுப் பேருக்கு டூட்டி போடும் அந்தப் பெண்ணுக்கும் அது பொருந்தும். தன் கீழ் இருப்பவள் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது, முதலில் நோயாளியைப் போய்ப் பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, பிறகு அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, எப்படி நடந்தது என்று கேட்டு எழுதுகிறவள் தன் அமானத்தை நிறைவேற்றுகிறாள்.

இன்று வீட்டில் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. குடும்பத்தில் வயதானவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்து, முன்பு நடந்த அறுவைச் சிகிச்சை, இரத்த வகை, ஆதாரில் உள்ளபடி முழுப் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். மருத்துவமனையில் சேர்த்தால் அந்தத் தாளைப் பகல் டூட்டி செவிலியரிடம் மட்டுமல்லாமல், இரவு ஆள் மாறும்போது வருபவரிடமும் காட்டுங்கள். விவரங்கள் விடுபட்டுப் போவது பெரும்பாலும் அந்த மாற்றத்தின்போதுதான்.